பொம்மை இருக்கிறது, அதன் வாள் எங்கே?

கீழக்கரையில் ஒரு வீட்டு மச்சில் பல ஆண்டுகளாகத் திறக்காமல் கிடந்த டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பொம்மை வெளியே வந்தது. என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். இடுப்புக்கு மேலே ஒரு துண்டு, கால்கள் இரண்டும் சேர்ந்து இன்னொரு துண்டு என்று பிரிந்து கிடந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த உடை, கரையில் நெடுநாள் கிடந்த சங்கின் நிறத்துக்கு வந்திருந்தது. முகமூடிக்கு நடுவே கண்கள் மட்டும் தெரிந்தன. மார்பில் சிவப்பு நிறத்தில் சின்னதாக ஒரு பாம்புச் சின்னம். அதில் பாதி தேய்ந்திருந்தது. முதுகில் கறுப்பு அம்புக்கூடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டு மாமி அதை ஒரு கைக்குட்டையில் வைத்து என்னிடம் நீட்டினார். "தம்பி, இது தேறுமா? இதெல்லாம் லட்சக்கணக்கில் போகிறது என்று பேரன் சொல்கிறான்." அவருடைய கணவர் சபுராளி, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போய் வருபவர். 1986இல் துபாயிலிருந்து வந்தபோது மகனுக்காக வாங்கி வந்தது. அந்த மகனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. அவரும் துபாயில்தான் இருக்கிறார்.

"மாமி, இதன் கையில் ஒரு வாள் இருந்திருக்கும். அது எங்கே?" என்று கேட்டேன். விலை கேட்டவரிடம் வாளைக் கேட்டால் யாருக்கும் குழப்பமாகத்தான் இருக்கும். ஆனால் பழைய பொம்மைகளை மதிப்பிடும் வேலையில் பாதிக்கு மேல் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

இப்படிப்பட்ட பொம்மைகள் இராமநாதபுரம் கடற்கரையில் கிடைப்பதில் வியப்பில்லை. கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையோர ஊர்களில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய் வராத தெரு குறைவு. எழுபதுகளின் இறுதியிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் நிடோ பால்மாவு டின், கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், பாலியஸ்டர் துணி ஆகியவற்றுக்கு நடுவே பிள்ளைகளுக்கென்று ஒன்றிரண்டு பொம்மைகளும் வந்தன. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அதே ஊர்களுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பொம்மைகள் மச்சில் தங்கிவிட்டன. இப்போது வீடுகளை இடித்துக் கட்டும்போது அவை பழைய பேப்பர்க்காரரின் சாக்குக்குப் போகின்றன. அதற்கு முன் ஒரு முறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் அது யார் என்று தெரிய வேண்டும். மாமி கொடுத்த பொம்மை ஸ்டார்ம் ஷாடோ. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'ஜி.ஐ. ஜோ' என்ற படைவீரர் பொம்மை வரிசையில் 1984இல் வெளியிட்ட நிஞ்ஜா. உடம்பின் பின்பக்கம், இடுப்புக்குக் கீழே பொடி எழுத்தில் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் செய்த நாடும் புடைப்பாக இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கைபேசியின் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் விழும். இதில் 1984 என்றும் ஹாங்காங் என்றும் படிக்க முடிந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பொம்மையின் மேல் உள்ள ஆண்டு, அந்தப் பொம்மை செய்யப்பட்ட ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் உரிமை பதிவான ஆண்டு, அல்லது அச்சு உருவான ஆண்டு. மேட்டல் நிறுவனத்தின் ஹீ-மேன் கடைக்கு வந்தது 1982இல். முதுகில் இருப்பதோ 1981. கென்னர் நிறுவனத்தின் முதல் ஸ்டார் வார்ஸ் திரைப்படப் பொம்மைகள் 1978இல் விற்பனைக்கு வந்தன. அவற்றின் காலில் 1977 என்று இருக்கும். ஒரே அச்சை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவார்கள். நாடு விட்டு நாடும் கொண்டுபோவார்கள். ஆகவே அந்த எண், பொம்மை இதற்கு முன் பிறந்திருக்க முடியாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லும். எவ்வளவு பின்னால் என்பதை நாட்டின் பெயர், பெயின்ட், பிளாஸ்டிக்கின் தன்மை, அட்டை இருந்தால் அட்டை ஆகியவற்றை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயரே ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோவுடன் 1964இல் வந்ததுதான். ஆண் பிள்ளைகளுக்கு 'டால்' என்று சொல்லி விற்க முடியாது என்று நினைத்து வைத்த பெயர். அன்றைய ஜோ ஏறத்தாழ ஒரு அடி உயரம். வலது கன்னத்தில் ஒரு தழும்பு. வலது கைக் கட்டைவிரலில் நகம் வெளிப்பக்கம் இல்லாமல் உட்பக்கம் இருக்கும். போலிகளை அடையாளம் காண அந்த நகம் பின்னால் பெரிதும் உதவியது. பொம்மை மதிப்பீட்டில் இப்படித்தான்: அழகைவிட அச்சில் நேர்ந்த சின்னச் சின்ன வினோதங்கள் அதிகம் பேசும். 1982இல் அதே பெயரை மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சுருக்கி ஹாஸ்ப்ரோ மறுபடி கொண்டுவந்தது. நம் வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் இந்தச் சின்ன அளவுதான். பிரிட்டனில் இதே அச்சுகளிலிருந்து வந்தவை 'ஆக்‌ஷன் ஃபோர்ஸ்' என்ற பெயரில் விற்கப்பட்டன. அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

இனி வாளுக்கு வருகிறேன். ஸ்டார்ம் ஷாடோ கடையில் வாங்கப்பட்ட நாளில் அவனுடன் ஐந்து சாமான்கள் இருந்தன: ஒரு வில், முதுகில் மாட்டும் அம்புக்கூடு, நீள வாள், குட்டை வாள், இரண்டு கோல்களை நடுவே மெல்லிய சங்கிலி இணைக்கும் நுஞ்சாக்கு. எல்லாம் கறுப்பு. எல்லாம் பல்குத்தும் குச்சி கனத்துக்கு. ஏழு வயதுப் பையன் கடற்கரை மணலில் இவற்றை வைத்துப் போர் நடத்தினால் மாலைக்குள் எத்தனை மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். பொம்மை வீட்டுக்கு வந்துவிடும். வாள் மணலுக்குள் போய்விடும். அமெரிக்காவிலும் அதேதான் நடந்தது. அங்கே மணலுக்குப் பதில் கம்பளமும் தோட்டத்துப் புல்லும். ஆகவே நாற்பது ஆண்டுகள் கழித்து உலகில் பொம்மைகள் ஏராளம், அவற்றின் ஆயுதங்கள் அரிது. சேகரிப்பாளர்கள் சில நேரம் முழுப் பொம்மைக்குக் கொடுப்பதைவிட அதன் தொலைந்த துண்டு ஒன்றுக்கு அதிகம் கொடுப்பதற்கு இதுதான் காரணம்.

ஸ்டார் வார்ஸ் வரிசையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஜாவா என்ற குட்டிப் பொம்மை முதலில் வினைல் மேலங்கியுடன் வந்தது. இவ்வளவு சின்னப் பொம்மைக்கு இந்த மேலங்கி மலிவாகத் தெரிகிறது என்று விரைவிலேயே துணி மேலங்கிக்கு மாற்றினார்கள். பொம்மை அதேதான். ஆனால் வினைல் போட்ட ஜாவா பல மடங்கு விலை. அதனால் ஓபி-வான் கெனோபியின் வினைல் மேலங்கியை வெட்டிச் சின்னதாக்கி ஜாவாவுக்கு மாட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. லூக், வேடர், ஓபி-வான் மூவரின் கைக்குள்ளிருந்து நீளும் ஒளிவாளும் அப்படித்தான். தொடக்கத்தில் ஒரு வாளுக்குள் இன்னொரு மெல்லிய வாள் ஒளிந்து இரண்டு கட்டமாக நீண்டது. கொஞ்ச நாளில் அதை ஒரே கட்டமாக்கினார்கள். அந்த மெல்லிய துண்டு ஒடியாமல் இன்று கையில் இருந்தால் அது பெரிய பணம்.

உலகிலேயே பெரிய விலைக்குப் போன பொம்மைகளில் ஒன்றின் கதையும் ஒரு துணைப்பொருளைப் பற்றியதுதான். ஸ்டார் வார்ஸ் வரிசையின் போபா ஃபெட் என்ற பொம்மையை, அதன் முதுகிலிருந்து ராக்கெட் பாயும்படி கென்னர் வடிவமைத்தது. அந்த நேரத்தில், 1978-79இல், வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை ஒரு சிறுவனின் மூச்சுக்குழாயில் சிக்கி அவன் இறந்துபோனான். கென்னர் ராக்கெட்டைப் பாயவிடாமல் நிலையாக ஒட்டியே பொம்மையை அனுப்பியது. பாயும் ராக்கெட்டுடன் எஞ்சியவை முன்மாதிரிகள் மட்டுமே. கையால் வண்ணம் தீட்டிய அப்படி ஒன்று 2024இல் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. லட்சக்கணக்கில் போகிறது என்று பேரன் படித்த செய்தி இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அது கடைக்கே வராத பொருளின் விலை. கடைக்கு வந்து, பிள்ளைகள் விளையாடிய பொம்மையின் விலையை அதனுடன் ஒப்பிடக் கூடாது.

கிடைத்த ஆயுதம் உண்மையானதா என்று பார்ப்பது தனிக் கலை. ஜி.ஐ. ஜோவின் பல ஆயுதங்களில் எந்த முத்திரையும் இருக்காது. நிறம் முதல் சாட்சி. ஹாஸ்ப்ரோவே எண்பதுகளில் ஆயுதங்களை மட்டும் தனிப் பொட்டலமாக விற்றது. வடிவம் அதே, நிறம் வேறு. ஆகவே சரியான வடிவத்தில் தவறான நிறத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால் அது போலியாக இல்லாமலேயே இந்தப் பொம்மைக்கு உரியதல்லாததாக இருக்கலாம். அளவு இரண்டாவது சாட்சி. உண்மைப் பொருளை வைத்து அச்செடுத்து மறுபடி வார்த்தால் வார்ப்பு ஆறும்போது ஒரு நூலளவு சுருங்கும். உறுதியான அசலின் பக்கத்தில் வைத்தால் நகல் கொஞ்சம் மெலிந்து தெரியும்; விளிம்புகளும் மழுங்கியிருக்கும். மூன்றாவது, கையில் பொருந்தும் விதம். அசல் பிடி உள்ளங்கைக்குள் சட்டென்று உட்காரும். நகல் ஒன்று ஆடும், அல்லது இறுகும். இறுகுகிறதே என்று தள்ளினால் கட்டைவிரல் போய்விடும். இந்த அளவு ஜோக்களில் கட்டைவிரல் ஒடிவது மிகவும் சாதாரணம். விலையைப் பாதியில் நிறுத்தும் குறையும் அதுவே.

கென்னர் ஆயுதங்களுக்கு மிதக்கவிடும் சோதனை ஒன்றைச் சொல்வார்கள். அசல்களில் பெரும்பாலானவை தண்ணீரில் மிதக்கும், நகல்களில் பெரும்பாலானவை மூழ்கும். இரண்டு பக்கமும் விதிவிலக்குகள் உண்டு. ஆகவே இது முதல் வடிகட்டல் மட்டுமே. நம் கரையில் செய்கிறவர்களுக்கு நான் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை விழுக்காடு அடர்த்தி கூடியது. நன்னீரில் மூழ்கும் சில பிளாஸ்டிக் அதில் மிதந்துவிடும். கரையோரக் கிணறுகள் பலவற்றின் தண்ணீரும் உவர்தான். குடிக்கக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துச் சோதியுங்கள்.

மாமியின் வீட்டில் தேடல் ஒரு மணி நேரம் நடந்தது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். தொலைந்தவை எங்கே இருக்கும் என்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. பிள்ளைகள் விட்டுப்போனதை அம்மாக்கள் எறிவதில்லை. என்ன என்று தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்றின் துண்டு என்று எடுத்து வைப்பார்கள். பொத்தான் போட்டு வைத்த பிஸ்கட் டின், சாவி வைத்த பவுடர் டப்பா, பனையோலைக் கொட்டான், அலமாரியில் விரித்த பழைய நாளிதழுக்கு அடி, டிரங்குப் பெட்டியின் மூலை மடிப்பு, இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீல நிற வெண்ணெய் பிஸ்கட் டின்னுக்குள் தையல் நூற்கண்டுகளின் அடியில் வில் கிடைத்தது. பெட்டியின் மூலையில் நுஞ்சாக்கின் ஒரு கோல் மட்டும், சங்கிலி அறுந்த நிலையில். நீள வாளைப் பார்த்ததும் மாமிக்கே நினைவு வந்துவிட்டது. பாவாடைக்கு நாடா கோக்க அதைத்தான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியிருக்கிறார். தையல் பெட்டியில் ஊசிகளோடு இருந்தது. நுனி இலேசாக வளைந்திருந்தது. குட்டை வாள் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அடுத்தது நிலை. இதைப் பற்றி வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் எழுதும் குறிப்புகளில் நம் கரைக்கு உரிய எதிரி வருவதில்லை. அது உப்புக் காற்று. வீட்டு உப்பு ஜாடியில் மழைக்காலத்தில் தண்ணீர் கோத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். கடற்காற்றில் வரும் உப்புத் துகள் பொம்மையின் மேல் படிந்து, ஐப்பசி கார்த்திகையில் ஈரத்தை இழுத்து, உலோகம் இருக்கும் இடமெல்லாம் துருவை உண்டாக்குகிறது. பிளாஸ்டிக் பொம்மையில் உலோகம் எங்கே என்று கேட்கலாம். ஜோவின் முதுகின் நடுவே ஒரு குழி. அதன் அடியில் ஸ்க்ரூ. அம்புக்கூட்டின் முளை அதே குழியில்தான் செருகப்படுகிறது. மாமியின் பொம்மையில் குழியின் வெள்ளை விளிம்பைச் சுற்றி வெற்றிலைக் கறை போலச் செம்பழுப்பு வட்டம் இருந்தது. அம்புக்கூட்டை அப்படியே பிடுங்கியிருந்தால் முளை உள்ளேயே முறிந்திருக்கும். சிறிது சிறிதாக இடமும் வலமும் அசைத்து எடுத்தேன். முளையின் நுனியில் துரு ஏறியிருந்தது, முறியவில்லை.

ஸ்க்ரூவைக் கழற்ற கடிகாரம் பழுதுபார்ப்பவரின் ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும். பெரியதைப் போட்டுத் திருகினால் தலையின் வெட்டு தேய்ந்துவிடும். பிறகு எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாது. துரு இளகட்டும் என்று எண்ணெய் ஊற்றவும் கூடாது. சில எண்ணெய்கள் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் உண்டாக்கும். நேராக அழுத்தி, மெதுவாகத் திருக வேண்டும். உள்ளே திறந்தால் பொம்மை ஏன் இரண்டாகப் பிரிந்தது என்று தெரியும். கால்களை இணைக்கும் உலோகக் கொக்கியையும் உடம்பின் உள்தூணையும் ஒரு ரப்பர் வளையம் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த வளையம் காய்ந்து அறுந்தால் பொம்மை இடுப்பில் கழன்றுவிடும். பார்க்கிறவர்கள் உடைந்துவிட்டது என்று குப்பையில் போடுவார்கள். உண்மையில் அது உடையவே இல்லை. மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் 'ஓ-ரிங்' என்று கேட்டால் கிடைக்கும் பொருள்; பாம்பனில் படகு இன்ஜின் மெக்கானிக் ஒருவர் தன் டப்பாவிலிருந்து சரியான அளவைத் தேடிக் கொடுத்தார். இந்த வளையத்தை மாற்றுவதைச் சேகரிப்பாளர்கள் குறையாகக் கருதுவதில்லை. சைக்கிளுக்கு டியூப் மாற்றுவது போல எடுத்துக்கொள்கிறார்கள். திறந்திருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும்: கை, கால், உடம்பு எல்லாம் ஒரே பொம்மையினுடையவைதானா என்று. ஒரே ஸ்க்ரூவில் கழன்றுவிடுவதால் ஒன்றின் கையை இன்னொன்றுக்குப் போட்டு விற்பது மிகவும் எளிது. நிறத்தின் மங்கல் கைக்குக் கை வேறுபட்டால் சந்தேகப்பட வேண்டும்.

மஞ்சளாவது வேறு கதை. வெள்ளைப் பிளாஸ்டிக்கை வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மாற்றுகின்றன. இருட்டில் இருந்தாலும் மெதுவாக நடக்கும். ஸ்டார்ம் ஷாடோவின் வெள்ளை இதற்குப் பேர்போனது. ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்று ஒரு முறை பரவியிருக்கிறது. வெளுப்பது உண்மை. ஆனால் நிறம் பல நேரம் திரும்ப வருகிறது, பிளாஸ்டிக் மொறமொறப்பாகிவிடும் அபாயமும் இருக்கிறது, பக்கத்திலிருக்கும் பெயின்ட்டும் போகலாம். நம் ஊர் வெயிலில் எவ்வளவு நேரம் என்று கணக்கு வைப்பதும் கடினம். நான் செய்வதில்லை, செய்யும்படி யாருக்கும் சொல்வதும் இல்லை. ஏற்கெனவே செய்த பொம்மையை அதைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று வேலை.

சில பொம்மைகள் தொட்டால் பிசுபிசுக்கும். மென்மையான வினைலில் கலந்திருக்கும் இளக்கிப்பொருள் வெப்பத்தில் மேலே கசிவதுதான் அது. அப்படிக் கசியும் ஒன்று கெட்டியான பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டே கிடந்தால் அதையும் அரித்துத் தடம் பதித்துவிடும். ஆகவே ரப்பர் பல்லியையும் ஜோவையும் ஒரே பையில் போடக் கூடாது. துணிப் பெட்டிக்குள் போடும் பாச்சை உருண்டையும் வேண்டாம். அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கும். இரும்புப் பெட்டியும் வேண்டாம். பாலித்தீன் பையில் தனித்தனியாகப் போட்டு, மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உடன் வைத்து, ஓட்டுக்கூரைக்கு நேர்கீழே இல்லாத அலமாரியில் வைத்தால் போதும்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. வந்த உற்சாகத்தில் கிணற்றடியில் வைத்துத் தேய்க்கிறவர்கள் அதிகம். உவர் நீர் காய்ந்ததும் வெள்ளைப் பொட்டுகளாகப் படியும். குழிக்குள் புகுந்த நீர் ஸ்க்ரூவை ஒரே மழைக்காலத்தில் முடித்துவிடும். அழுக்கு போக வேண்டுமென்றால் ஸ்க்ரூவை எடுத்த பிறகு, மழைநீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, பஞ்சால் ஒற்றுங்கள். பாம்புச் சின்னம் போன்ற பெயின்ட் இடங்களைத் தொடாதீர்கள். ஹீ-மேனின் மார்புக் கவசத்தின் கொக்கிகள் காய்ந்திருக்கும். கழற்ற முயல வேண்டாம், அப்படியே விடுங்கள்.

இந்தியாவில் செய்தவை பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எம்.ஆர்.எஃப். நிறுவனம் ஹாஸ்ப்ரோவுடன் கைகோத்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், சென்னையைத் தலைமையகமாகக் கொண்டு, கோவாவில் தொழிற்சாலை வைத்து, அமெரிக்க அச்சுகளைக் கொண்டே ஜி.ஐ. ஜோ பொம்மைகளைச் செய்தது. இராமநாதபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில்கூட அவை தொங்கின. 'லியோ' என்ற பெயரில் மேட்டலின் ஹீ-மேனும் இங்கேயே வந்தான். துபாயிலிருந்து வந்ததைப் பட்டுத்துணியில் வைப்பவர்கள் இவற்றை உள்ளூர்ச் சரக்கு என்று தூக்கி எறிகிறார்கள். இது பெரிய தவறு. அமெரிக்காவில் எங்கும் வராத நிறச் சேர்க்கைகள் ஃபன்ஸ்கூலில் உண்டு. ஒரே பொம்மையே தொகுதிக்குத் தொகுதி நிறம் மாறி வந்ததும் உண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தனியாகத் தேடுகிறார்கள். அவை உரிமம் பெற்று, அசல் அச்சில் வார்த்த பொம்மைகள். எந்த வகையிலும் போலி அல்ல. அட்டையோடு இருந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி விலையும் மாதமும் ஆண்டும் அச்சிட வேண்டும்; ஆகவே அமெரிக்க அட்டையைவிட நம் அட்டையில் காலம் கண்டுபிடிப்பது எளிது. அந்த விலை ஸ்டிக்கரைச் சுரண்டாதீர்கள்.

அட்டை என்றதும் ஒன்று. ஜி.ஐ. ஜோ அட்டையின் பின்புறம் அந்தப் பாத்திரத்தின் வாழ்க்கைக் குறிப்பு இருக்கும். கத்தரித்து வைத்துக்கொள்ளும்படி நிறுவனமே புள்ளிக்கோடு போட்டுக் கொடுத்தது. அட்டையில் அச்சிட்டிருந்த 'கொடிப் புள்ளி' என்ற பரிசுச் சீட்டுகளை வெட்டி அஞ்சலில் அனுப்பினால் பரிசுப் பொருளும் வந்தது. அதனால் வெட்டுப்படாத அட்டை குறைவு. வெட்டிய குறிப்பு மட்டும் தனியே புத்தகத்துக்குள் கிடந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. பழைய பள்ளிப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள்.

விலைக்கு வருகிறேன், இதில் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை வெறும் ஆசை. விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள்; அதுவும் அதே நிலையில், அதே சாமான்களோடு விற்றவற்றை. ஒரே ஒரு விற்பனையை நம்ப வேண்டாம், ஏழெட்டு பார்த்தால் ஒரு வரம்பு தெரியும். அமெரிக்காவில் ஆக்‌ஷன் ஃபிகர் அத்தாரிட்டி போன்ற அமைப்புகள் 100க்கு மதிப்பெண் போட்டு அக்ரிலிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. அந்த விலைகள் தனி உலகம். விளையாடித் தேய்ந்த, இரண்டு சாமான் குறைந்த பொம்மைக்கு அங்கே அனுப்பும் செலவே கட்டாது. மாமியிடம் நான் அதை நேராகச் சொன்னேன்: இது லட்சம் அல்ல, சில ஆயிரம். குட்டை வாளும் முழு நுஞ்சாக்கும் இருந்தால் அது பல மடங்காகியிருக்கும். இணையத்தில் நகல் வாள்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அலமாரியில் வைத்து ரசிக்க அவற்றைப் போடுவதில் தவறில்லை. ஆனால் எது நகல் என்று எழுதி வைக்காவிட்டால் பத்து ஆண்டுகள் கழித்து வீட்டில் யாருக்கும் தெரியாது. அசல்களின் நம்பகமும் அதோடு போய்விடும்.

மாமியின் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. பிறகு, துபாயிலிருக்கும் மகனிடம் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை எப்படி வைப்பது என்று கேட்டார். பொம்மையை ஒரு பையிலும் சாமான்களை இன்னொரு பையிலும் போட்டேன். பேரனின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து இப்படி எழுதி உள்ளே வைத்தேன்:

ஸ்டார்ம் ஷாடோ, 1984 அச்சு, ஹாங்காங். மஞ்சளேறியது, வெளுக்கவில்லை. மார்புச் சின்னம் பாதி தேய்ந்தது. கட்டைவிரல்கள் இரண்டும் நலம். இடுப்பு வளையம் புதிது, பாம்பனில் வாங்கியது. ஸ்க்ரூ பழையதே, துருவுடன். வில் அசல். அம்புக்கூடு அசல், முளையில் துருக்கறை. நீள வாள் அசல், நாடா கோத்ததில் நுனி வளைந்தது. நுஞ்சாக்கு ஒரு கோல் மட்டும். குட்டை வாள் இல்லை. மச்சின் மேற்கு மூலை இன்னும் பார்க்கவில்லை.